கடையாணி போட்ட ரயில்

போன மே மாசம் தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தான். சென்னையிலேருந்து போடி வரைக்கும் ரயிலிலேயே வந்தான். வந்த மறுநாளே பரண்ல ஏறி, தகரப்பெட்டியைக் குடைஞ்சு ஒரு மர ரயிலை எடுத்துட்டான். எனக்குப் பன்னிரண்டு வயசுல அப்பாவும் நானும் செஞ்சது அது. கல்யாண முருங்கைக் கட்டையில பெட்டி, கருவேல மரத்துல சக்கரம், மூங்கில் பிளாச்சுல தண்டவாளம்.

"மாமா, இது ஓடுமா?"

ஓடாது. அன்னைக்கும் ஓடல. நேர்ப்பாதையில நாலடி போகும், வளைவு வந்தா கவுந்துரும். ஏன்னு அப்ப எங்க ரெண்டு பேருக்குமே புரியல. இப்ப கையில எடுத்துப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்ச வண்டி மாட்டுவண்டிதான். அதனால அச்சுல சக்கரத்தைக் கோத்து, கழண்டு போகாம குட்டியா ஒரு கடையாணியும் போட்டிருக்கார்!

மாட்டுவண்டியில ரெண்டு சக்கரமும் தனித்தனியா சுத்தும். ரயில்ல அப்படி இல்ல. ரெண்டும் அச்சோட இறுகி, ஒண்ணாத்தான் சுத்தும். சக்கரத்தோட மேல்பரப்பும் தட்டையா இருக்காது. உள்பக்கம் பருத்து, வெளிப்பக்கம் லேசா சிறுத்திருக்கும். வளைவுல வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போகணுமில்லையா? அச்சு கொஞ்சம் வெளிப்பக்கமா நகரும். அந்தச் சக்கரத்துல பருத்த பகுதி தண்டவாளத்துல உருளும், உள்சக்கரத்துல சிறுத்த பகுதி உருளும். வண்டி தானாத் திரும்பிக்கும். உள்பக்கம் இருக்குற விளிம்பு, மீறி இறங்காம தடுக்குற காவல்தான்.

"சக்கரத்தை மாத்திரலாமா?"ன்னு கேட்டான். சட்டுனு பதில் சொல்ல முடியல. அப்பா போய் ஒன்பது வருசமாச்சு. அவர் உளியால செதுக்கின தடம் அந்தச் சக்கரத்துல அப்படியே இருக்கு.

ஊருக்கு வர்ற நண்பர்கள் அடிக்கடி ஒண்ணு சொல்வாங்க. "எதையும் மாத்தாதீங்க, இப்படியே வச்சிருங்க." ஓட்டு வீட்டைப் பாத்து சொல்வாங்க, மாட்டுவண்டியைப் பாத்து சொல்வாங்க. அன்புலதான் சொல்றாங்க. ஆனா இங்க இருக்குறவங்க பிழைக்கணுமே! அப்பா வாய்க்கால் வெட்டித் தண்ணி பாய்ச்சின தோட்டத்துல நான் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கேன். அவரை மறுத்தா போட்டேன்? கிணத்துல தண்ணி குறைஞ்சுபோச்சு. அவர் இருந்திருந்தா அவரே போட்டிருப்பார்.

எங்க போடி ரயிலையே எடுத்துக்கங்க. 1928-ல வந்த மீட்டர் பாதை, தண்டவாளத்துக்கு நடுவுல 1000 மில்லிமீட்டர். அகலப்பாதை 1676. மாத்துறதுக்காக 2010 கடைசியில வண்டியை நிறுத்தினாங்க. திரும்ப போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன்ல. பன்னிரண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. அந்தத் தாமதத்துல எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனா மாத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன். மாத்தாம இருந்திருந்தா இந்தப் பய சென்னையிலேருந்து வண்டி மாறாம வந்திருக்க முடியாது.

ஆக, சக்கரத்தை மாத்தினோம். கடைசல் பட்டறையில சரிவும் விளிம்புமா எட்டுச் சக்கரம் கடைஞ்சு வாங்கி, அச்சுல இறுக்கினோம். எங்க தண்டவாளம் அஞ்சு சென்டிமீட்டர் அகலம். மீட்டர் பாதையில இருபதுல ஒரு பங்கு. அந்தக் கணக்குல நான் வெட்டின வாசல்ல மூணடி ஆள்தான் நுழைய முடியும். அவன் அதையும் பெருசாக்கச் சொன்னான். வேணாம்னுட்டேன். ஓட்டத்தைத் தடுக்குற தப்பைத் திருத்தினாப் போதும். தடுக்காத தப்பு, செஞ்சவனோட அடையாளம், இருந்துட்டுப் போகட்டும்.

சாயங்காலம் களத்துல தண்டவாளத்தை வளைச்சுப் போட்டு ஓட்டினோம். மூணு தடவை கவுந்துச்சு. நாலாவது தடவை வளைவு தாண்டிப் போச்சு. அப்பா செஞ்ச சக்கரத்தைக் கடையாணியோட தகரப்பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் பாதியில விட்டது ஏதாவது கிடக்கும். பிள்ளைகளுக்குப் புது பொம்மை வாங்குறதுக்கு முன்னாடி, அதை ஒரு தடவை இறக்கிப் பாருங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னு அவங்களோட சேந்து தேடுங்க.