ஒயருக்கும் கேரக்டர் உண்டு!

திருப்பூரில் நண்பரின் சாயப்பட்டறைக்குப் போனால், அங்கே ஒரே ரகளை. பம்பு மோட்டார் மூன்றாவது தடவையாகப் புகைந்துவிட்டது. பனியன் துணி பாதிச் சாயத்தோடு மெஷினுக்குள் நிற்கிறது. ஷேடு மாறினால் லாட்டே போச்சு! பழி முழுக்க ரீவைண்டிங் கடைக்காரர் தலையில்.

''என்ன கம்பிப்பா போட்டுக் கட்டினே?''

''நல்ல கம்பிதானுங்க மொதலாளி. எரிஞ்சதெல்லாம் மொத சுத்துங்க மட்டுந்தான், பாருங்க. போன ரெண்டு கூலியே இன்னும் வரலீங்க!''

''முன்னெல்லாம் எரியலையே, நடுவுல என்ன மாத்தினீங்க?'' என்றேன். ஆவியும் உப்பும் அரிக்கிறதென்று டிரைவ் பேனலை 60 மீட்டர் தள்ளி ஏ.ஸி. ரூமில் வைத்தார்களாம். குற்றவாளி அகப்பட்டான். அந்த 60 மீட்டர் கேபிள்!

மனுஷனுக்கு மட்டுமா, ஒயருக்கும் கேரக்டர் உண்டு ஸார். கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ் என்பார்கள். ஓம் கணக்குதான்; ஆனால் மல்டிமீட்டர் வைத்தால் காட்டாது. கம்பியின் தடிமன், கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, இன்சுலேஷன் இவைதான் தீர்மானிக்கும். 10 மீட்டரானாலும் 10 கிலோமீட்டரானாலும் அதே நம்பர். டி.வி. கேபிளுக்கு 75 ஓம். மோட்டார் கேபிளுக்கு 100-ஐ ஒட்டி. சின்ன மோட்டாருக்கோ ஆயிரக்கணக்கில்!

இந்தப் பொருத்தமில்லாத ஜோடியால்தான் வம்பு. டிரைவ், மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளாக வெட்டி அனுப்புகிறது. வாய்க்கால் அலை மூடிய மதகில் மோதினால் எம்பித் திரும்புமே, அதே கதைதான் துடிப்புக்கும். 415 வோல்ட் லைனில், டிரைவ் அனுப்பும் துடிப்பு சுமார் 590 வோல்ட். மோட்டார் வாசலில் எம்பும்போது இரண்டு மடங்கு வரை போகும். காயிலின் முதல் சுற்றுகள்தான் அடி வாங்கும். கேபிள் குட்டை என்றால், துடிப்பு முழுசாக எழுவதற்குள் எதிரொலி திரும்பிவிடும்; அடி லேசு. நீளமென்றால் முழு அடி.

டிரைவ் பக்கம் ஒரு ஃபில்டர் போட்டார்கள். துடிப்பின் வேகம் மழுங்கியது, மோட்டார் பிழைத்தது.

1886-ல் 'இம்பீடன்ஸ்' என்று பேர் வைத்த ஆலிவர் ஹெவிசைட், 16 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். நம் ரீவைண்டிங்காரர் எட்டாவது. முதல் சுற்று எரிந்ததைப் பார்த்துச் சொன்னவர் அவர்தான். யார் காதில் விழுந்தது?

மூன்று கூலியும் அன்றைக்கே வந்ததா என்கிறீர்களா? இரண்டு வந்தது. மூன்றாவதுக்கு, ''சனிக்கிழமை வாப்பா!''