"படிக்காட்டித் தோட்டம் கொத்தத்தான் போவாய்"

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆக்களில் இந்த வசனத்தைக் கேளாதவர்கள் குறைவு. தகப்பன் தோட்டக்காரராக இருந்தாலும் இதைத்தான் சொல்லுவார். சொல்லப்போனால் தோட்டக்காரத் தகப்பன்மார்தான் இதைக் கூடச் சொல்லுவினம். விடியக் காலமை எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி மாறிவிட்டு, காலில் சேறு காயாமல் பள்ளிக்கூடம் போன தலைமுறை அது. தங்கட பிள்ளைக்கு மண்வெட்டி வேண்டாம் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கு.

இப்ப காற்று மாறி அடிக்குது. பிள்ளைகளோடு சேதன வீட்டுத்தோட்டம் செய்வது படித்த குடும்பங்களில் ஒரு பெருமை. பேஸ்புக்கில் படம் வரும்: புதுத் தொப்பி, சின்ன மண்வெட்டி, கையில் ஒரு தக்காளி. அந்தத் தக்காளியை நட்டது அப்பா, தண்ணி விட்டது அம்மா, கட்டை ஊன்றிக் கட்டியது அம்மப்பா. பிள்ளை அந்த இரண்டு மாதமும் ஸ்கொலசிப் வகுப்பில் இருந்தது. பறிக்கிற அன்றைக்குத்தான் கூப்பிட்டார்கள். பாடசாலைத் தோட்டங்கள் பலவற்றிலும் இதே கதைதான். அதிகாரிகள் பார்க்க வருகிற கிழமை பாத்தி பச்சையாக இருக்கும், அடுத்த விடுமுறையில் காய்ந்துபோகும்.

பழைய காலத்தில் பிள்ளைக்குத் தோட்டம் கட்டாய வேலை, இப்ப அது படம். இரண்டிலும் பிள்ளை எதையும் தீர்மானிப்பதில்லை. என்ர வாதம் இதுதான்: பிள்ளையைத் தோட்டத்தில் "உதவி செய்ய" விடவேண்டாம். ஒரு பாத்தியை முழுசாகக் குடுங்கோ. பத்தடி நீளம், மூன்றடி அகலம் போதும். மூன்றடி ஏனென்றால், சின்னக் கை இரண்டு பக்கமும் நின்று நடுப்பாத்தியைத் தொடவேணும், மண்ணை மிதிக்கக் கூடாது. என்ன விதைக்கிறது, எங்கே விதைக்கிறது எல்லாம் பிள்ளையின்ர முடிவு. பெரியாக்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

முதல் தரம் முளைக்கீரை நல்லது. ஒரு மாதத்துக்குள் கறிச்சட்டிக்கு வந்துவிடும், பிள்ளையின்ர பொறுமை அவ்வளவுதான். பிறகு வெண்டி, பயிற்றை. பூசணியும் ஒன்று போடலாம். ஆண் பூ முதலில் பூத்து ஒவ்வொன்றாக விழும். "பூக்குது, காய்க்குதில்லை" என்று பிள்ளை அழுதுகொண்டு வரும். அந்த நேரம் விளக்கம் சொல்ல ஓடாதீங்கோ. சில நாளில் அடியில் குட்டிக்காயோடு ஒரு பூ வரும். இரண்டு பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு விஞ்ஞானப் புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கையைப் பாடமாக்க வேண்டிய தேவை வராது.

மாரியில் ஆபிரிக்க நத்தை வரும். ஒரு இரவில் நாற்று முழுவதையும் தின்றுவிட்டுப் போகும். இங்கேதான் பெற்றோர் பிழை விடுகிறார்கள். பிள்ளை எழும்ப முதல் கடையில் புது நாற்று வாங்கி நட்டுவிடுகிறார்கள். வேண்டாம். அழட்டும். பிறகு டோர்ச் எடுத்துக்கொண்டு இரவில் நத்தை பொறுக்கட்டும், கையுறை போட்டுக்கொண்டு. தான் நட்டது போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிள்ளை, சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுகிற விதமே வேறையாக இருக்கும்.

சேதனம் என்ற சொல்லைப் பற்றியும் கதைக்கவேணும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடைசெய்தார்கள். நவம்பரில் பின்வாங்கினார்கள். அதற்குள் பெரும்போகம் அடிபட்டுப்போனது. 2022 யூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து, வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். அதோடு "சேதனம்" என்றாலே எங்கட விவசாயிக்கு எரிச்சல் வரும். வரத்தானே வேணும்.

ஆனால் அந்தப் பிழையை ஒரு பிள்ளைக்குக் கணக்காகவே காட்டலாம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. கூட்டெருவில் ஒரு வீதம் இருக்கென்று வையுங்கோ, அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேணும். ஒரு நாடு முழுவதுக்கும் ஒரு போகத்துக்குள் இதை எங்கே தேடுவது? உங்கட பிள்ளையின்ர பாத்திக்கோ இரண்டு கடகம் போதும். மாட்டெரு, சருகு, குசினிக் கழிவு, வேலியில் முறித்த பூவரசங்குழையும் கிளிசறியாவும். குழை தாழ்க்கிறது எங்கட ஆக்களுக்குப் புதுசும் இல்லை. சேதனத்தைப் புனிதமாகச் சொல்லிக்குடுக்கிறதைவிட இந்தக் கணக்கைச் சொல்லிக்குடுக்கிறது மேல். எங்கே சரிவரும், எங்கே சரிவராது என்று பிள்ளையே பிரித்துப் பார்க்கும்.

வலிகாமத்துப் பிள்ளைக்கு இது வெறும் பொழுதுபோக்கும் இல்லை. இங்கே வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணிதான் கிணற்றில் வருது. மேலே போட்ட பசளையில் பயிர் எடுக்காத நைத்திரேற்று அந்தக் கல்லின் வெடிப்பு வழியாகக் கீழே போகும், மலசலகூடக் குழியில் இருந்தும் போகும். குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற எல்லை. வலிகாமத்தில் அதைத் தாண்டின கிணறுகள் பல. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். அந்தத் தண்ணியில் மாப்பால் கரைத்துக் குடுத்தால் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து கூட. தோட்டக்கார வீடுகளிலேயே சந்தைக்கு ஒரு பாத்தி, தங்கட சாப்பாட்டுக்கு மருந்தடிக்காத இன்னொரு பாத்தி என்று வைத்திருப்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். கிணற்றை மட்டும் அப்படிப் பிரிக்க ஏலாது. பாத்தி வைத்திருக்கிற பிள்ளை "நான் போடுறது எங்க போகுது?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான், பிள்ளை இல்லை.

ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவேணும்: காணி இருக்கிறவனுக்குத்தானே இந்தக் கதை? உண்மை. மலையகத்தில் லயத்தில் இருக்கிற குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணி கிடைப்பதே தலைமுறைப் போராட்டம். கொழும்பில் மாடிவீட்டுப் பிள்ளைக்கு மண்ணைத் தொடவே வழி இல்லை. யாழ்ப்பாணத்து வாடகை வீடுகளிலும் முற்றம் முழுக்கச் சீமெந்து. வீட்டுத்தோட்டம் செய் என்று சுவரொட்டி ஒட்டுகிற எவரும் காணியைப் பற்றி வாய் திறப்பதில்லை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேணும். அதுவரைக்கும் பழைய யூரியாப் பை இருக்கு. நல்லாக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, அரைவாசி மண்ணும் அரைவாசி கூட்டெருவுமாக நிரப்பினால் ஒரு கத்தரி நிற்கும். பையில் பேரை எழுதி, வெயில் விழுகிற மூலையை மட்டும் பிள்ளையையே பார்த்து எடுக்க விடுங்கோ.