பம்பையை இனி யார் அழைப்பார்?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் கச்சிராயபாளையத்துக்கு உறக்கம் ஏது? கோமுகி அணைப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றோடு ஏதேனும் ஓர் அம்மன் கோயிலின் ஒலியும் இரவெல்லாம் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் சிறுமியராய் இருந்தபோது அந்த ஒலி பம்பையும் உடுக்கையும். இன்றோ, டிராக்டரில் அடுக்கிய பெட்டிகளிலிருந்து அதிரும் சினிமாப் பாட்டு. வசதியுள்ள ஊரென்றால் கேரளத்துச் செண்டை மேளம். "மக்களுக்குப் பக்தி குறைந்து போயிற்று" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தீமிதிக்குக் காப்புக் கட்டுவோர் கூட்டம் குறையவில்லை. கூழ் காய்ச்சும் அண்டாவும் சிறுத்துவிடவில்லை. குறைந்து போனது பம்பை மட்டுமே. இது ஏன் என்று வகுப்புத் தோழியர் சிலர் கூடிப் பேசியதையே இங்கு எழுதுகிறோம். எங்களுள் ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோரும் உண்டு, மாரியம்மனுக்குக் கூழ் எடுத்துச் செல்வோரும் உண்டு.

மேல்நாட்டிலும் இதற்கு ஒரு தம்பி இருந்தான். 'ட்ரான்ஸ்' என்பது அவன் பெயர். தன்னை மறந்த நிலை என்பதுதான் அச்சொல்லின் பொருள். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாகி, நம் நாட்டுக் கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் இன்னொரு கிளையாய்த் தழைத்தது அந்த மின்னணு இசை. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், அணிவகுத்து வந்த வீரர்களுக்கு நடுவே டியெஸ்டோ என்ற நெதர்லாந்துக்காரர் அதை முழங்கினார். அதைவிடப் பெரிய மேடை உலகில் உண்டா? ஆயினும் சில ஆண்டுகளிலேயே அவரே வேறு பாணிக்கு மாறிவிட்டார். இளைஞர் கூட்டமும் வேறு இசைக்குப் போயிற்று. இன்றும் அதற்கென்று அன்பர்கள் உண்டு. ஆனால் ஊர் முழுதும் கேட்கும் இசையாக அது இல்லை. அங்கே நடந்தது நாகரிக மாற்றம். நேற்றைய சட்டை பிடிக்கவில்லை, இன்றைக்கு வேறு சட்டை! எங்கள் ஊர்ப் பம்பையின் கதை அப்படிப்பட்டதன்று.

பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை மேளம். இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிப்பார்கள். உடுக்கையோ இடை சிறுத்தது. நடுவிலுள்ள கயிற்றை அழுத்தினால் நாதம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். எங்கள் பக்கத்துப் பம்பைக்காரத் தாத்தா ஒருவரைச் சென்று கண்டோம். "தாத்தா, சாமி எப்படி வருகிறது?" என்று நேராகவே கேட்டுவிட்டோம். அவர் சிரித்தார். "அது எனக்கெப்படிக் கண்ணு தெரியும்? நான் காலைத்தான் பார்ப்பேன்" என்றார்.

கூட்டத்தில் எவர் கால் கட்டைவிரல் முதலில் துடிக்கிறது என்று அவர் கண் தேடிக்கொண்டே இருக்குமாம். துடிப்பைக் கண்டதும் அந்தப் பக்கம் நகர்வார். உடுக்கைக்காரர் வர்ணிப்பை நிறுத்தாமல், அந்த வீட்டுக் குலதெய்வத்தின் பெயரையும், ஊர் எல்லையையும், முன்னோர் பெயரையும் பாட்டுக்குள் சேர்ப்பார். தாளம் மெல்ல மெல்ல நெருங்கும். ஆடத் தொடங்கியபின் தாளம் சட்டென நிற்கும். "யார் வந்திருக்கிறது?" என்று கேள்வி பிறக்கும். பதில் வரும், மறு கேள்வி வரும். இறுதியில் கற்பூரம் ஏற்றி மலையேற்றி, ஆடியவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகே பம்பையைக் கழற்றுவார்கள்.

பெட்டிக்கு இது எதுவும் தெரியாது. எல்.ஆர்.ஈஸ்வரி அம்மையாரின் அம்மன் பாடல்களை ஒலிபெருக்கியில் கேட்டே ஆடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்தக் குரல் அப்படிப்பட்டது. ஆனால் ஆடிய பிறகு என்ன? சென்ற ஆடியில் ஓர் ஊர்வலத்தில் இளம்பெண் ஒருத்தி ஆடிச் சாய்ந்தாள். பாட்டு நிற்கவில்லை. பெட்டி ஓட்டியவர் டிராக்டரின் மேலே, அவள் கீழே. அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது. கேட்க ஒருவர் இல்லாத இடத்தில் அவள் யாருக்காக ஆடினாள்?

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். நாங்கள் அறிவியல் பாடம் படிப்பவர்களே. ஆயினும் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட ஒன்று நினைவுக்கு வருகிறது. அரசர்கள் இரண்டாம் நூல் மூன்றாம் அதிகாரத்தில், மூன்று மன்னர்கள் வந்து ஆலோசனை கேட்டபோது எலிசா இறைவாக்கினர் முதலில் இசைஞன் ஒருவனைத்தான் வரவழைக்கிறார். அவன் வாசிக்கையில்தான் ஆண்டவரின் ஆற்றல் எலிசாவின்மேல் இறங்குகிறது. தமிழ் வகுப்பிலோ சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி. அங்கே தெய்வமேறி ஆடிப் பேசுகிற சாலினி ஒரு பெண். வழிநடையில் களைத்து உட்கார்ந்திருக்கும் கண்ணகியின் பெருமையை முதலில் உரைப்பவளும் அவளே. குறிஞ்சி நிலத்து வெறியாட்டும் அதற்குரிய பறையும் அதனினும் பழமையானவை. கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு அவற்றை ஏதோ அயலூர்ச் செய்தி போலப் படித்துத் தேர்வு எழுதுகிறோமே!

நிற்க. நாங்கள் இக்கட்டுரை எழுதக் காரணமான செய்தி வேறு.

எங்கள் பகுதியில் திருமணத்துக்கு முன்பு பூவாடைக்காரியை அழைப்பது வழக்கம். குடும்பத்தில் பூவும் பொட்டுமாக இறந்த பெண்மணியே பூவாடைக்காரி. கிணற்றங்கரையிலோ ஆற்றங்கரையிலோ பம்பை வைத்துப் பாடி, அவளை வரவழைத்து, அவள் சம்மதம் கேட்டு வீட்டுக்கு அழைத்து வருவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணனுக்குத் திருமணம். பாட்டியை அழைத்தார்கள். இரண்டு மணி நேரம் பாடியும் எவர்மேலும் வரவில்லை. முடிவில் ஆடியது தோழியின் தாயார். மைத்துனர்கள் எதிரே ஒரு சொல் உரக்கப் பேசி அறியாத மருமகள் அவர். மாமியாராக வந்து, கூடியிருந்த அத்தனை ஆண்களையும் பெயர் சொல்லி அழைத்தார். கணவரைப் பார்த்து, "டேய், எம் பேத்திய எட்டோட நிறுத்தப் பாக்குறியா? எங் காதுத் தோட்ட வித்தாவது அவளப் படிக்க வை" என்றார். வீட்டில் அதுவரை யாரும் வாய் திறந்து பேசாத பேச்சு அது. தோழியின் தந்தை கைகட்டி நின்று, "ஆகட்டும்மா" என்றார்.

பேசியது பாட்டியா, தாயாரா என்று நாங்கள் ஆராயப் போவதில்லை. தோழியும் கேட்கவில்லை. அவள் இன்று பத்தாம் வகுப்பில் எங்களோடு அமர்ந்து, கணக்கில் எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டிருக்கிறாள்.

சென்ற தை மாதம் வேறொரு வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்தோம். பூவாடைக்காரிக்குப் படையல் மட்டும் போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டார்கள். பம்பைக்குக் கொடுக்கும் பணத்தை டி.ஜே. பெட்டிக்குக் கொடுத்தார்களாம். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பதினொன்றரைக்கும் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. நாங்களும் ஆடினோம், மறைப்பானேன்? மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்றவள் பேசியதே காதில் விழவில்லை. அந்த வீட்டு மருமகளுக்கு ஏதேனும் சொல்ல இருந்திருந்தால் எங்கே சொல்லியிருப்பாள்?

பம்பையையும் உடுக்கையையும் முழுப் புனிதமாகக் காட்டவும் நாங்கள் விரும்பவில்லை. மனமில்லாத திருமணத்துக்கு மறுத்தவளையும், வலிப்பு நோய் கண்டவளையும் "பேய் பிடித்தவள்" என்று உட்கார வைத்து, இதே உடுக்கையை அடித்து, வேப்பிலையோடு பிரம்பும் எடுத்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் ஒழிந்தால் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டோம். வலிப்புக்கு வேண்டியவர் மருத்துவர். ஆனால் அடித்த கையைத் தடுப்பதற்குப் பதில், வாய் திறக்க இடம் தந்த இசையையும் சேர்த்து அனுப்பிவிட்டோமே என்பதுதான் எங்கள் வருத்தம்.

பறைக்கு இந்தக் கதி நேரவில்லை. ஒரு காலத்தில் தீண்டத்தகாத மேளமென்று ஒதுக்கப்பட்டது, இன்று கல்லூரி மேடைகளில் ஒலிக்கிறது. திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் அருட்சகோதரி சந்திரா அவர்கள் தலித் பெண்களுக்கே பறை பயிற்றுவித்து மேடையேற்றினார். மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறையை மீட்டவர்கள் அதைச் சாவு வீட்டிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பம்பையை மட்டும் மேடைக்கு அழைக்க எல்லாரும் தயங்குகிறார்கள். ஆண்டு விழா நடனங்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் பம்பை என்றதும் ஓர் ஆசிரியை சட்டென, "யாராவது ஆடிவிட்டால் என்னம்மா செய்வது?" என்றார். அவர் கேட்டது நியாயமே. ஆனால் வேறெந்த வாத்தியத்தைப் பற்றியாவது ஒருவர் இப்படி அஞ்சுவதுண்டா? அவ்வளவு ஆற்றலுள்ள ஒன்றைக் கற்க அந்தத் தாத்தாவின் பிள்ளைகளே வரவில்லை. ஒருவர் பெங்களூரில் கட்டட வேலை, இன்னொருவர் செண்டைக் குழுவில். அவருக்குத் தெரிந்த வர்ணிப்புகளை எந்த ஏட்டிலும் அவர் எழுதி வைக்கவில்லை.

எனவே நாங்கள் ஐந்து பேர் விடுமுறையில் அவரிடம் சென்று அவற்றை எழுதிக்கொள்ள அனுமதி கேட்டோம். இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைத்தால் வருவீர்களா என்றும் கேட்டோம். பம்பையின் தோலை வெயிலில் திருப்பி வைத்துக்கொண்டே சற்று யோசித்தார்.

"வரேன் கண்ணுகளா. ஆனா ஒண்ணு, நடுவுல மணி அடிச்சு நிறுத்தச் சொல்லக் கூடாது. யாராச்சும் ஆடினா அவங்க சொல்றதக் கேட்டு, மலையேத்தி உட்கார வெச்சிட்டுத்தான் நான் எறங்குவேன்."

தலைமைச் சகோதரியிடம் இதைச் சொல்லியிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.