அவன் செய்தால் ப்ராங்க், இவன் செய்தால் ரவுடித்தனமா?

ஆங்கிலத்தில் சேட்டைக்கு எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ப்ராங்க், மிஸ்சிஃப், ஹார்ஸ்ப்ளே, ஆன்டிக்ஸ், டாம்ஃபூலரி. செய்கிற ஆளுக்கு ராஸ்கல், ரோக், கிளவுன், பஃபூன், ஹூலிகன், ரவுடி... "என்ன வளமான மொழி பாருங்கள்" என்று ஆங்கில வகுப்பில் புல்லரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புல்லரிக்கவில்லை. அந்தப் பட்டியல் சேட்டை எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. செய்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

சும்மா அடித்துவிடவில்லை. பழைய கணக்கைப் பிரித்துப் பார்ப்போம், வாங்க.

கிளவுன் என்றால் நமக்கு சர்க்கஸ் கோமாளி. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பட்டிக்காட்டான் என்று அர்த்தம். நேவ் என்றால் முதலில் பையன், பிறகு வேலைக்காரப் பையன், கடைசியில் அயோக்கியன். வில்லன் என்றால் பிரபுவின் பண்ணையில் உழைத்தவன்! (பண்ணையாரே வில்லனாக வரும் சினிமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது செம காமெடி.) நம் ஊர் அப்பாக்களின் செல்ல வசவான ராஸ்கல், பழைய பிரெஞ்சில் கீழ்மட்டக் கும்பலைக் குறித்த சொல்லில் இருந்து வந்தது.

ரோக் கதை இன்னும் மோசம். இங்கிலாந்தில் 1572இல் ஒரு சட்டம் போட்டார்கள். பிடிபடும் நாடோடிகளைச் சாட்டையால் அடித்து, வலது காதில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளை போடச் சொன்னது அது. ரோக் யார் யார் என்று அதிலேயே பட்டியல் உண்டு: வித்தை காட்டுகிறவன், கரடி ஆட்டுகிறவன், நாடகம் போடுகிறவன். ஆனால் ஒரு பிரபுவின் ஆதரவு இருந்தால் அதே நாடகக்காரன் தப்பித்தான். பல்கலைக்கழக முத்திரை இல்லாமல் பிச்சை எடுத்த ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவனும் அந்தப் பட்டியலில் இருந்தான். முத்திரை வைத்திருந்தவன் இல்லை. கூத்து ஒன்றுதான், கையில் இருந்த சீட்டுதான் வேறு.

"வார்த்தைகளின் அர்த்தம் காலப்போக்கில் மாறத்தானே செய்யும், இதில் என்ன சதி?" என்று ஒருவர் கேட்பார். மாறட்டுமே. எந்தப் பக்கம் மாறுகிறது என்பதுதான் என் கேள்வி. பண்ணையாளின் பெயர் கெட்டவன் பெயராகிறது. ரோக் என்ற வசவோ வசதியானவன் மேல் ஏறியதும் "அழகான போக்கிரி" என்று கொஞ்சலாகிவிடுகிறது.

இப்போது முக்கியமான மேட்டர். ஆக்ஸ்ஃபோர்டில் புல்லிங்டன் கிளப் என்று ஒன்று உண்டு. பணக்கார வீட்டுப் பையன்கள் சேர்ந்து குடித்துக் கும்மாளம் போடும் கிளப். 1894இல் ஒரு ராத்திரி அந்தக் கும்பல் கிறிஸ்ட் சர்ச் கல்லூரியில் புகுந்து 400க்கும் மேற்பட்ட ஜன்னல்களை உடைத்தது. 1927இல் மறுபடியும் அதே இடத்தில் அதே வேலை. இந்த மாதிரிக் கூத்துக்கு அந்த வட்டாரம் வைத்திருக்கும் பெயர் ஹை ஸ்பிரிட்ஸ், அதாவது உற்சாக மிகுதி. 1987இல் எடுத்த கிளப் போட்டோவில் கோட்டும் சூட்டுமாக நிற்கும் இரண்டு பேர், டேவிட் கேமரூனும் போரிஸ் ஜான்சனும், பின்னாளில் பிரதமர்கள் ஆனார்கள்.

அந்த முதல் ஜன்னல் உடைப்பு நடந்து நாலே வருடம் கழித்து, 1898 கோடையில், லண்டன் ஏழைப் பகுதிகளில் பையன்கள் தெருவில் கலாட்டா செய்தபோது பத்திரிகைகள் ஒரு புது வார்த்தையைத் தூக்கிப் பிடித்தன: ஹூலிகன். அது ஓர் ஐரிஷ் குடும்பப் பெயரில் இருந்து வந்தது என்பதுதான் பரவலான விளக்கம். பணக்காரப் பையன் உடைத்தால் அவன் மனநிலைக்குப் பெயர். ஏழைப் பையன் உடைத்தால் அவன் சாதிசனத்துக்கே பெயர். நான் படிப்பது பி.காம். ஒரே செலவை இரண்டு பேர் கணக்கில் இரண்டு தலைப்பில் எழுதினால் ஆடிட்டர் விடுவாரா?

இது என்னவோ வெள்ளைக்காரன் ஊர் விவகாரம் என்று நினைக்காதீர்கள். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் கல்லூரி வராந்தாவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள். ஒரே தீப்பெட்டி. ஒருவனுடைய அப்பா காரில் வந்து இறங்கினார். அவன் கடிதத்தில் "ப்ராங்க்" என்று இருந்தது. இன்னொருவன் அரசுப் பள்ளியில் படித்து வந்தவன். அவன் கடிதத்தில் "ரவுடியிசம்", கூடவே 10 நாள் சஸ்பென்ஷன். ரவுடி என்பது அமெரிக்காவில் பிறந்த வார்த்தை. அங்கே மேட்ச் பார்த்துக் கூச்சல் போடும் ரசிகனைக்கூட அப்படிச் சொல்வார்கள். இங்கே அது போலீஸ் ஸ்டேஷன் பட்டியலின் பெயர். கடிதம் எழுதியவருக்கு இது தெரியாதா என்ன?

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து. ராக் என்பது பிரிட்டிஷ் மாணவர்களின் விளையாட்டுச் சொல். அங்கே இன்றும் ராக் என்ற பெயரில் வேஷம் கட்டி நன்கொடை திரட்டுகிறார்கள். அதே சொல் இங்கே ராகிங் ஆனது. 1996இல் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் சிதம்பரத்தில் கொல்லப்பட்ட பிறகுதான், 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. கிண்டல் செய்வது, விளையாட்டாக ஏமாற்றுவது, காயப்படுத்துவது எல்லாவற்றையும் அந்தச் சட்டம் ஒரே வரிசையில் வைக்கிறது. சட்டத்துக்குப் புரிந்தது சீனியர்களுக்கு இன்னும் புரியவில்லை. "சும்மா ஜாலிக்குடா" என்கிறார்கள்.

ஈவ் டீசிங்கும் அப்படித்தான். ஏவாளைச் சீண்டுவதாம், என்ன கவிதை! 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு வந்த சட்டத்துக்குக்கூட முதலில் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். அப்புறம்தான் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் என்று சட்டத்தின் தலைப்பை மாற்றினார்கள். பேப்பர்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் அது "கேலி, கிண்டல்" செய்தி.