ஆண்ட்ரே இங்ராமும் அந்த 19 புள்ளிகளும்

கூடைப்பந்து பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது இதுவே முதல் தடவை. போன வாரம் உறவினர் ஒருவர் காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். தலையில் அங்கங்கே நரை விழுந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் அலுவலக அறைக்குள் வந்து உட்காருகிறார். சீசன் முடிந்ததும் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பும் வழக்கமான சந்திப்பு என்று நினைத்து வந்திருக்கிறார். எதிரே இருப்பவர்களில் ஒருவர் மாஜிக் ஜான்சன். 'லேக்கர்ஸ் அணியில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம்' என்று சொல்கிறார்கள். அந்த மனிதர் முகத்தைப் பார்த்தால் நமக்கே தொண்டை அடைக்கும். வீடியோவுக்குக் கீழே, 'விடாமுயற்சி, விஸ்வரூப வெற்றி' என்று போட்டிருந்தது.

வீடியோ எனக்குப் பிடித்திருந்தது. கீழே போட்டிருந்த வரிதான் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் ஆண்ட்ரே இங்ராம். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் 1985-ல் பிறந்தவர். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் 2003 முதல் 2007 வரை படித்தார். பாடம் இயற்பியல். கல்லூரி அணியில் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வருவதும் தூரத்திலிருந்து கூடையைக் குறிபார்த்து எறிவதும் வேலையான ஆள். கல்லூரியிலும் அதிர்ஷ்டம் இல்லாதவர்தான். அந்தப் பல்கலைக்கழக அணி அகில அமெரிக்கக் கல்லூரிப் போட்டிக்கு முதன்முதலாகத் தகுதி பெற்றது 2008-ல். இவர் படிப்பை முடித்து வெளியே வந்த மறு வருஷம்!

அமெரிக்காவில் பெரிய லீக் என்.பி.ஏ. அங்கே 30 அணிகள், அணிக்கு 15 பேர் என்றால் மொத்தம் 450 நாற்காலி. அதற்குக் கீழே, ஆட்களைத் தயார் செய்வதற்கென்று 2001-ல் ஆரம்பித்த சின்ன லீக் ஒன்று உண்டு. அப்போது அதன் பெயர் டி-லீக், 2017-லிருந்து ஜி-லீக். இங்ராமை 2007-ல் யூட்டா மாநிலத்து அணி ஒன்று எடுத்துக்கொண்டது. அப்புறம் லேக்கர்ஸ் நிர்வாகத்தின் கீழே இருந்த சின்ன அணி. நடுவில் கொஞ்ச நாள் ஆஸ்திரேலியா. மறுபடியும் அதே சின்ன அணி. இப்படியே 384 ஆட்டங்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து கூடையில் விழுந்தவை மட்டும் 713. அந்த லீகில் அதுவரை வேறு யாரும் அவ்வளவு போட்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். சின்ன லீகில் அந்தக் கோடு கூடைக்குக் கிட்டத்தில் இல்லை. பெரிய லீகில் இருக்கும் அதே 7.24 மீட்டர்தான். கூடையின் உயரமும் அதேதான். எறிந்ததில் நூற்றுக்கு 46 விழுந்தது என்பது எந்த லீகிலும் முதல் தரம். ஆள் அப்படியேதான் இருந்தார், ஆட்டம்தான் மாறிக்கொண்டிருந்தது. 2007-08 சீசனில் என்.பி.ஏ. அணி ஒன்று ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 18 முறை தூரத்திலிருந்து எறிந்தது. பத்து வருஷம் கழித்து அது 29 ஆயிற்று. அவர் கையில் இருந்த தொழிலுக்கு நாளுக்கு நாள் கிராக்கி ஏறியது. அப்படியும் யாரும் கூப்பிடவில்லை. உயரம் சுமார், தாவும் வேகம் சுமார், வயதும் ஏறிக்கொண்டே போனது.

கூப்பிட்டது எப்போது? 2018 ஏப்ரலில், சீசனில் இரண்டே ஆட்டம் பாக்கி இருந்தபோது. லேக்கர்ஸ் அந்த வருஷம் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பை எப்போதோ இழந்திருந்தார்கள். முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் காயத்தில். வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்ற நிலையில் 32 வயது இங்ராமை இறக்கினார்கள். எதிரணியோ அந்த சீசனில் 65 ஆட்டங்களை வென்ற ஹூஸ்டன் ராக்கெட்ஸ். ஜேம்ஸ் ஹார்டன், கிறிஸ் பால் எல்லாரும் உள்ள அணி. ஏப்ரல் 10-ம் தேதி இரவு மனிதர் 19 புள்ளி எடுத்தார். தூரத்திலிருந்து ஐந்து எறிந்து நான்கு விழுந்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்று, சீசனின் சிறந்த ஆட்டக்காரரைக் கொண்டாடுகிற மாதிரி 'எம்.வி.பி., எம்.வி.பி.' என்று கத்தியது. லேக்கர்ஸ் தோற்றதைப் பற்றி அன்று யாருக்கும் கவலை இல்லை. மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் 5 புள்ளி. சீசன் முடிந்தது.

எழுதுபவன் பழைய குமாஸ்தா. சம்பளப் பட்டியல் போட்டே கை தேய்ந்தவன். ஆகவே எனக்குக் கணக்கு பார்க்காமல் இருக்க முடியாது. சின்ன லீகில் ஐந்து மாத சீசன் முழுக்க ஆடியதற்கு அவருக்குக் கிடைத்தது 19,000 டாலர் சுமார் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த இரண்டு ஆட்டத்துக்குக் கிடைத்தது 13,824 டாலர். ஐந்து மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, இரண்டு நாளில்! என்.பி.ஏ.யில் புதிதாகச் சேரும் ஆளின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் அந்த வருஷம் 8 லட்சம் டாலருக்கு மேல். குடும்பத்தை ஓட்ட இங்ராம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் காலையில் முதல் வேலை, கரும்பலகையில் தேதியும் அதன் கீழே ஒரு நீதி வாக்கியமும். 'மொரால்' என்போம். உழைத்தால் பலன் உண்டு, பொறுத்தவன் ஆள்வான் என்கிற ரகம். கோடு போட்ட நோட்டில் அழகான கையெழுத்தில் அதைப் படியெடுக்க வேண்டும். அந்த வாட்ஸ்அப் வரியைப் பார்த்ததும் அந்தக் கரும்பலகைதான் ஞாபகம் வந்தது. அந்த வாக்கியம் யாருக்கு வசதி என்று அப்போது கேட்கத் தெரியவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் தினக்கூலியாகப் பதினாறு வருஷம் இருந்தவர் ஒருவர். ஓய்வு வயதுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது பணி நிரந்தரம் ஆனது. மாலை போட்டோம், லட்டு கொடுத்தோம், 'பொறுமைக்குப் பரிசு' என்று மேலதிகாரி பேசினார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவருடைய பணிப் பதிவேட்டில் அந்தப் பதினாறு வருஷத்துக்கு ஒரு வரிகூட ஏறவில்லை. பென்ஷனுக்கு அது கணக்கில் வராது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியதும் இந்தக் கைதான்.

இங்ராம் விஷயத்திலும் அதுதான் நடக்கிறது. 384 ஆட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, 385-வதை மட்டும் படம் பிடித்து, 'பார், காத்திருந்தான், கிடைத்தது' என்கிறார்கள். அவரோடு கூட ஆடி, அழைப்பே வராமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் முயற்சியை விட்டார்களா என்ன? ஒருவருக்கு ஒரு ராத்திரி கதவு திறந்ததைக் காட்டியே, மீதிப் பேரைக் குறைந்த கூலியில் வாசலில் நிற்க வைக்க முடிகிறது.

இதற்காக இங்ராமைப் பார்த்துப் பரிதாபப்பட நான் தயாராக இல்லை. இயற்பியல் படித்தவருக்கு வேறு வேலை கிடைக்காதா? ஆட்டம் பிடித்திருந்தது, ஆடினார். யூட்டாவில் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் எறிந்த ஒவ்வொரு பந்தும் முழுசான வேலைதான். அந்த 19 புள்ளி வராமலே போயிருந்தாலும் அந்த 713-ல் ஒன்று குறைந்திருக்காது.

அதற்கு அப்புறம் நடந்தது என் உறவினருக்கும் தெரியாது. 2019 மார்ச்சில் லேக்கர்ஸ் ஒரு 10 நாள் ஒப்பந்தம் கொடுத்தது. அது முடிந்ததும் பழையபடி சின்ன லீக். 2020-ல் அந்த லீக் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதன் முதல் தலைவர் ஆண்ட்ரே இங்ராம். அப்போது சீசனுக்கு 35,000 டாலராக இருந்த சம்பளம் 2022-23-ல் 40,500 ஆகியிருந்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது அழைப்பு வந்தவனுக்கும் வராதவனுக்கும் சேர்த்து.

அவர் சங்கத் தலைவராக உட்கார்ந்து சம்பளம் பேசிய வீடியோ எதுவும் எனக்கு இதுவரை யாரும் அனுப்பவில்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், பார்க்க ஆசை.