பதினொரு நிலைக் கோபுரமும் பால்கோவாவும்

நம்மிடம் படித்து, உத்தியோக நிமித்தம் ஐரோப்பா சென்றிருந்த பிள்ளை ஒருவன் சென்ற மாதம் வன்னியம்பட்டிக்கு வந்தபோது, ஹங்கேரி தேசத்துப் படங்கள் சிலவற்றைக் காட்டினான். ஏகர் என்பது அங்குள்ள ஒரு பழைய நகரம். 1552-ல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஒன்று அங்கே உண்டு. 1596-ல் ஊரைப் பிடித்துக்கொண்ட அதே துருக்கியர் விட்டுச் சென்ற நாற்பது மீட்டர் மினாரும் உண்டு. அதன் 97 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறினானாம். நல்லது, சந்தோஷம். "ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயியின் மாடிக்கு எத்தனை படி அப்பா?" என்று கேட்டோம். "அங்கே மாடி இருக்கிறதா, ஸார்?" என்றான்.

அவனைக் கோபித்துப் பயனில்லை. வெளியூரார் மட்டுமா, உள்ளூராரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது, ஆண்டாளைச் சேவிப்பது, பால்கோவாப் பொட்டலத்துடன் பஸ் ஏறுவது என்று ஒரு மணி நேரத்தில் யாத்திரை முடிந்துவிடுகிறது.

கோபுரம் பதினொரு நிலை. சுமார் 192 அடி. மதுரைக் கோபுரங்களைப் போலச் சுதைப் பொம்மைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதில்லை. வெறும் அளவின் அழகைக் கொண்டே நம்மை நிறுத்திவிடுகிறது. 1949-ல் சென்னை அரசாங்கம் ஏற்ற முத்திரையில் இருப்பது இக்கோபுரம் என்பது நம் ஊர்ப் பேச்சு. இல்லை, மதுரை மேலைக் கோபுரமே என்று வாதிப்போரும் உண்டு. பக்கத்து ஊர்க்காரர்களாகிய நாம் இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியற்றவர்கள்.

உள்ளே அவசரப்படாதீர்கள். தூண்களில் கர்ணனும் அர்ச்சுனனும் வீரபத்திரரும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். நாயக்கர் காலத்து உளிக்குக் கருங்கல்லும் மெழுகாய் இருந்திருக்கிறது! பெருமாள் பள்ளிகொண்டிருப்பது மேல்தளத்தில். முழங்கால் வலிக்காரர்கள் நிதானமாக ஏறலாம். ஏறாமல் திரும்புவது மட்டும் கூடாது. பெரியாழ்வாரின் நந்தவனம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. துளசியின் கீழே குழந்தை கிடைத்தது அங்கேதான் என்பது ஐதிகம். ஆண்டாளின் இடக்கையிலுள்ள கிளியையும் கவனியுங்கள். பச்சை இலைகளால் தினந்தோறும் புதிதாகச் செய்யப்படுவது அது. அதன் மூக்கு மாதுளம்பூ. அவள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் அழகருக்கும் போகிறது.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இங்கே ஓர் அரண்மனை உண்டு என்பதைப் பலர் அறியார். அது நெடுங்காலம் நீதிமன்றமாக இருந்தது. மதுரை மஹாலுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் இந்தத் தம்பியை எட்டிப் பார்ப்பதேயில்லை. மடவார்வளாகம் வைத்தியநாதர் கோயிலும் ஊரிலேயே இருக்கிறது. இதையெல்லாம் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மற்ற ஊர்க்காரர் எடுத்த படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நாள் வந்துவிடுமோ என்பதே நமது கவலை.

இனி, எல்லோரும் காத்திருக்கும் விஷயம். பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் தவிர வேறு ரகசியம் இல்லை. அகன்ற சட்டி, விறகடுப்பு, கரண்டியை ஓய விடாத கை ஆகிய மூன்றும் சேர்ந்து பாலைச் சுண்டவைக்கின்றன. கை சற்று நின்றால் அடி பிடித்துவிடும். அடி பிடித்த வாசனையை எந்த ஏலக்காயும் மறைக்காது. 2019-ல் இப்பண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் எங்கெங்கோ கிண்டியதை இந்த ஊர்ப் பெயர் அச்சிட்ட பெட்டியில் அடைத்து, ரெயிலடிகளில் விற்பது நின்றபாடில்லை. ஆகையால் அடுப்பு கண்ணில் படுகிற கடையாகப் பார்த்து நுழையுங்கள். கோயில் நடை சாத்திய நடுப்பகல் வேளையே அதற்குத் தோது. இளஞ்சூட்டில், மந்தார இலையோ காகிதமோ எதில் கொடுத்தாலும், அங்கேயே நின்று கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கட்டச் சொல்லுங்கள்.