ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பாது சார்!

இன்னிக்குக் கொஞ்சம் சண்டை போடலாம்னு உட்கார்ந்திருக்கேன். விஷயம் ரூபிக் க்யூப். அதுவும் கையில் பிடிக்கிற க்யூப் இல்லை, கம்ப்யூட்டர் திரையில் திருப்பற க்யூப்.

இங்கே நாக்பூரில் எங்க காலனியில் யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்புதான். மேல் ஃப்ளாட் ரிட்டயர்டு எஞ்சினியர் (நம்மூர்க்காரர்தான், திருச்சி) கேட்டார்: "கடையில வாங்கித் திருப்பறதை விட்டுட்டு மவுஸைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கீங்களே, இது கம்ப்யூட்டர்ல கேரம் ஆடற மாதிரி இல்ல இருக்கு!" என் பெண் போகிற க்யூப் வகுப்பு மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே. திரையில் பழகினால் மூளை மழுங்கிடுமாம்.

கேரமையே எடுத்துக்குவோம். அதில் விரலின் வேகம், பவுடர், பலகையின் வழவழப்பு எல்லாமே ஆட்டம். க்யூபில் என்ன இருக்கு? வலது பக்கத்தைக் கால் சுற்று திருப்பினால் திருப்பினதுதான். மெதுவா திருப்பினாலும் ஓங்கித் திருப்பினாலும் விளைவு ஒண்ணு. எதுக்கு அப்புறம் எதைத் திருப்பினீங்க, அது மட்டும்தான் கணக்கு. வேகப் போட்டிக்குப் போறவங்களுக்குக் கை முக்கியம், ஒத்துக்கறேன். 1982ல் புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டியில் மின் தாய் 22.95 விநாடியில் ஜெயிச்சது விரலால்தான். நானும் என் பெண்ணும் அந்தப் போட்டிக்குக் கிளம்பலை.

சண்டைக்குக் காரணம் வேறே. போன மாசம் ஒருநாள் வகுப்பிலிருந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தா. ஏழாவது படிக்கிறா. அவங்க முறையில் கடைசிக் கட்டம், மேல் மூலைகளை ஒவ்வொண்ணா நேராக்கறது. நாலு திருப்பல் உள்ள ஒரு சூத்திரம், அதை மூலைக்கு ரெண்டு தடவையோ நாலு தடவையோ போடணும். நடுவில், கஷ்டப்பட்டுக் கட்டின கீழ் அடுக்குகள் கலைஞ்சு போனமாதிரி இருக்கும். பயப்படாமல் தொடர்ந்தால், கடைசி மூலை நேராகும்போது எல்லாம் தானா சேர்ந்துடும். சேரணும். இவளுக்குச் சேரலை. மேல் மூலை நேராச்சு, கீழே குப்பை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி குப்பை. மாஸ்டர் எல்லார் எதிரிலும் "ஃபார்முலா கலத் லகாயா" என்று சொல்லிவிட்டார். தப்பா போட்டிருக்கியாம். ராத்திரி பதினோரு மணிவரைக்கும் போட்டுப் பார்த்துட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா"ன்னு அழுதா.

கம்ப்யூட்டரைத் திறந்து கலைத்த க்யூப் ஒண்ணைக் கொடுத்தேன். அதே சூத்திரம், அதே பெண். சேர்ந்துடுச்சு. இன்னொரு தடவை கலைத்தேன், அதுவும் சேர்ந்துடுச்சு. மூணாவதும். அப்புறம் அந்த பிளாஸ்டிக் க்யூபில் இருந்த 54 சதுரங்களின் நிறத்தையும் ஒவ்வொண்ணா உள்ளிட்டோம். 'இப்படி ஒரு நிலை வரவே முடியாது'ன்னு கம்ப்யூட்டர் மறுத்துடுச்சு.

பி.காம். படிச்சவனுக்கு இது சுலபமா புரியும். 2003ல் நான் வேலைக்குச் சேர்ந்த கிளையில் அப்போதும் கையெழுத்து லெட்ஜர்தான். பத்து பைசா இடித்தாலும் ஒன்பது மணிவரை உட்காரணும். ஒரு டெபிட் இருந்தால் எங்கேயோ ஒரு கிரெடிட் இருந்தாகணும். க்யூபின் மூலைகளும் அப்படித்தான். எட்டு மூலைகளின் முறுக்கையும் கூட்டினால் மீதியில்லாமல் முழுச் சுற்றாக வரணும். எத்தனை தடவை திருப்பினாலும் இந்தக் கூட்டல் மாறாது. ஒரே ஒரு மூலை மட்டும் முறுக்கி நிற்குதுன்னா, திருப்பினவர் தப்பு பண்ணலை. க்யூபைக் கழற்றித் தப்பா மாட்டியிருக்காங்க, இல்லை லூஸான மூலை தானாகவே முறுக்கிக்கிட்டிருக்கு. (ஒரு மூலை வலப்பக்கம், இன்னொண்ணு இடப்பக்கம் முறுக்கியிருந்தால் டேலி ஆயிடும், கண்டுபிடிக்கவே முடியாது. ஈடுசெய் பிழைன்னு பதினொண்ணாம் வகுப்பில் படிச்சோமே, அதேதான்.) பிரிச்சுப் போட்டுக் கண்ணை மூடிக்கிட்டு மாட்டினால், சேரக்கூடிய க்யூபாக அமையற வாய்ப்பு பன்னிரண்டில் ஒண்ணு.

கட்டைவிரலால் அந்த மூலையை ஒரு முறுக்கு முறுக்கினேன். அடுத்த அஞ்சு நிமிஷத்தில் சேர்த்துட்டா.

இப்போ சொல்லுங்க, எது நிஜம், எது பொம்மை? திரை க்யூப் கீழே விழாது, கழன்று போகாது, அதில் ஸ்டிக்கரை உரிச்சு ஒட்ட முடியாது. ஒழுங்கா எழுதின சிமுலேட்டர், கலைக்கும்போதும் நேரான க்யூபைத் திருப்பித்தான் கலைக்கும். அதனால் 4,32,520 கோடி கோடிக்கும் மேலான நிலைகளில் எதில் நின்றாலும் திரும்பி வர வழி உண்டு. அது சேரலைன்னா தப்பு நம்மது மட்டும்தான். குழந்தையைத் திட்டறதுக்கு முன்னால் அந்த உறுதியாவது வேண்டாமா?

குறைகளே இல்லையான்னா, இருக்கு. பின்பக்கம் தெரியாது. மவுஸால் இழுத்தால் வேற அடுக்கு திரும்பித் தொலைக்கும். கூகுள் 2014 மே 19ல், க்யூபின் நாற்பதாவது வருஷத்துக்காக முகப்பிலேயே திருப்பற மாதிரி ஒண்ணு போட்டாங்களே, அதில் மவுஸோடு மல்லாடி ஒரு மதியச் சாப்பாட்டு வேளையே போச்சு. கீபோர்டு எழுத்தில் ஓடற சிமுலேட்டர்தான் சரி. வலது பக்கம், மேல் பக்கம், வலது திருப்பி, மேல் திருப்பி. இந்த நாலையும் ஆறு தடவை போடுங்க. 24 திருப்பலில் க்யூப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். பிளாஸ்டிக்கில் பதினாலாவதில் எண்ணிக்கை தவறிப் போகும். திரையில் ஒவ்வொரு படியா முன்னால் போய், பின்னால் வந்து, எந்தத் துண்டு எங்கே போகுதுன்னு பார்க்கலாம்.

'அன்டூ' அழுகுணி ஆட்டமாம். ஏன்? ஒரு திருப்பல் தப்பினால் முக்கால் மணி உழைப்பு நாசம்னு பயந்துதானே இந்தப் பிள்ளைங்க சூத்திரத்தை மந்திரம் மாதிரி உருப்போடுது? பயம் இல்லாதவன்தான் 'இங்கே மாத்திப் போட்டால் என்ன ஆகும்'னு பார்ப்பான்.

நான் எதிர்க்கறது இன்னொரு பட்டனை. 'ஸால்வ்'. எந்த நிலையானாலும் இருபது திருப்பலுக்குள் முடிக்கலாம்னு 2010ல் கம்ப்யூட்டரை வெச்சே நிரூபிச்சாங்க. பெரிய சாதனைதான். ஆனா அந்தச் சின்ன விடையை வாங்கிப் போட்டுப் பாருங்க, கடைசி சில திருப்பல் வரைக்கும் வெறும் குழப்பமா இருக்கும், திடீர்னு சேர்ந்துடும். ஏன்னு கேட்டால் பதில் இல்லை. அந்த பட்டனை எங்க வீட்டில் தொடக்கூடாது.

போன ஞாயிறு அதே க்யூபைக் கலைத்து, ஒரு மூலையை முறுக்கி, மாஸ்டர் கையில் கொடுத்தேன். இருபது நிமிஷம் திருப்பினார். நெற்றியில் வேர்வை. கடைசியில், "க்யூப் கராப் ஹை சார்" என்றார். க்யூப் கெட்டுப் போச்சாம்! அப்போ என் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னு கேட்டேன். பல்லைக் காட்டிட்டு அடுத்த பேட்ச் வந்துடுச்சுன்னு உள்ளே போயிட்டார். இந்த மாச ஃபீஸ் இன்னும் கட்டலை.